ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பல்லிகள்: எப்போது அவை வேறு வேறு இனம்?

கரையோரப் பூந்தோட்டங்களுக்குப் போனால் எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். அடுத்த தடவை கொஞ்சம் கீழேயும் பாருங்கள். ஏதாவது ஒரு மரத்தண்டில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள், தலைகீழாக ஒட்டிக்கொண்டு சின்னதாக ஒரு பழுப்புப் பல்லி உட்கார்ந்திருக்கலாம். திடீரென்று அதன் தொண்டைக்குக் கீழே செம்மஞ்சள் நிறத்தில் ஒரு தோல் விசிறி போல விரியும், உடனே மடங்கிவிடும்.

அது நம்ம ஊர்ப் பல்லி இல்லை. பெயர் பழுப்பு அனோல். சொந்த ஊர் கியூபாவும் பஹாமாஸும். பூந்தோட்டங்கள் திறக்கப்பட்ட அதே 2012-ஆம் ஆண்டில்தான் அது அங்கே இருப்பது கண்டறியப்பட்டது. உலகம் முழுக்க இது பரவுவது பெரும்பாலும் சரக்குகளோடும் அலங்காரச் செடிகளோடும்தான். ஃபுளோரிடா, ஹவாயி, தைவான் என்று பல இடங்களில் ஏற்கெனவே குடியேறிவிட்ட பல்லி இது.

இந்தக் கட்டுரை அதன் பயணத்தைப் பற்றியது மட்டும் இல்லை. உயிரியலில் ரொம்ப நாளாக விவாதிக்கப்படும் ஒரு கேள்விக்கு இந்தப் பல்லியின் மரபணுக்கள் சுவையான பதில் ஒன்றை வைத்திருக்கின்றன. ஓர் இனம் எப்படி இரண்டாகிறது? இரண்டானது மறுபடியும் ஒன்றாக முடியுமா?

(ஒரு சின்ன விஷயம்: தமிழில் பல்லி, ஓணான், அரணை, உடும்பு எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. மொத்தக் குடும்பத்தையும் குறிக்க அன்றாடப் பேச்சில் ஒரே சொல் கிடையாது. அதனால் இங்கே எல்லாவற்றையும் 'பல்லி' என்றே சொல்லிவிடுகிறேன். அனோல், பார்ப்பதற்கு ஓணானுக்குக் கொஞ்சம் நெருக்கம்.)

அனோல்களை ஏன் இவ்வளவு ஆராய்கிறார்கள்?

அனோல் குடும்பத்தில் சுமார் 400 இனங்கள் இருக்கின்றன. கியூபாவில் மட்டும் 60-க்கும் மேல். ஒரு தீவில் இத்தனை இனப் பல்லிகள் எப்படி ஒன்றாக வாழ முடியும்? இடத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. வீவக புளோக்கில் ஆளுக்கொரு மாடி என்கிற மாதிரி.

மரத்தின் அடிப்பகுதியில் வாழும் அனோலுக்குக் கால் நீளம். தரைக்கு ஓடி இறங்கிப் பூச்சியைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஏற அது வசதி. மெல்லிய குச்சிகளில் வாழும் அனோலுக்குக் குட்டைக் கால். குச்சியில் நீளக் காலை வைத்துக்கொண்டு நடந்தால் தடுமாறத்தான் வேண்டும். உச்சிக் கிளைகளில் வாழ்பவற்றுக்கு விரலடியில் அகலமான ஒட்டும் பட்டைகள். இப்படி ஆறு வகை உடலமைப்புகளை விஞ்ஞானிகள் பிரித்திருக்கிறார்கள். எர்னஸ்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1972-இல் இந்த வகைப்பாட்டுக்கு ஒரு பெயர் கொடுத்தார்.

இனிமேல்தான் சுவாரசியம். கியூபா, ஹிஸ்பானியோலா, ஜமைக்கா, புவெர்ட்டோ ரிக்கோ ஆகிய நான்கு பெரிய தீவுகளிலும் குச்சி அனோல் இருக்கிறது, அடிமர அனோலும் இருக்கிறது. கியூபாவின் குச்சி அனோலையும் ஜமைக்காவின் குச்சி அனோலையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்று நினைப்பீர்கள். ஆனால் அப்படி இல்லை. ஜோனதன் லோசோஸும் அவருடைய குழுவினரும் 1998-இல் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலும் ஒரு தீவின் அனோல்களுக்கு நெருங்கிய சொந்தம் அதே தீவில் இருக்கும் மற்ற அனோல்கள்தான். ஒவ்வொரு தீவும் தனித்தனியாகத் தொடங்கி ஒரே விடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. தோற்றத்தை வைத்துச் சொந்தத்தை முடிவு செய்தால் ஏமாந்துபோவோம்.

சரி, 'இனம்' என்றால் என்ன?

பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் இருக்கா? தங்களுக்குள் இணைந்து, இனப்பெருக்கம் செய்யக்கூடிய குட்டிகளைப் பெறும் உயிர்கள் ஓர் இனம். குதிரையும் கழுதையும் இணைந்தால் கோவேறு கழுதை பிறக்கும். பொதுவாக அதற்குக் குட்டி பிறக்காது. ஆகவே குதிரை வேறு, கழுதை வேறு.

தேர்வுக்கு இந்தப் பதில் போதும். இயற்கைக்குப் போதவில்லை. ஏனென்றால் இரண்டு கூட்டங்களுக்கு நடுவே உள்ள தடை ஒரே நாளில் எழும் சுவர் இல்லை. கம்பு கம்பாக நடப்படும் வேலி. ஆங்காங்கே இடைவெளி இருக்கும், அதன் வழியாக மரபணுக்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வரும். எல்லா இடைவெளியும் அடைபட்ட பிறகு 'இவை இரண்டு இனம்' என்கிறோம். வேலி பாதி போட்டிருக்கும் நிலையில் இருப்பவை ஏராளம்.

அனோல்களுக்கு முதல் கம்பு அந்தத் தொண்டை விசிறிதான். ஒரே இடத்தில் வாழும் அனோல் இனங்களுக்குப் பெரும்பாலும் விசிறியின் நிறமோ அளவோ அமைப்போ வேறு வேறாக இருக்கும். ஆண் அதை விரித்துக் காட்டும்போதே 'நான் யார்' என்ற தகவல் போய்விடுகிறது. நிறம் பொருந்தாவிட்டால் பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகலாம்.

மரபணுத்தொகுதி என்ன சொல்கிறது?

முழு மரபணுத்தொகுதியும் வாசிக்கப்பட்ட முதல் பல்லி, அமெரிக்காவின் பச்சை அனோல். 2011-இல் 'நேச்சர்' சஞ்சிகையில் அது வெளிவந்தது. அதன் மரபணுத்தொகுதியில் சுமார் 30 விழுக்காடு, இடம் விட்டு இடம் தாவக்கூடிய மரபுத் துண்டுகள். மனிதர்களிடமும் இந்தத் துண்டுகள் நிறைய உண்டு, ஆனால் பெரும்பாலானவை எப்போதோ செயலிழந்துவிட்டன. பச்சை அனோலிடம் பல வகைத் துண்டுகள் இன்னும் சுறுசுறுப்பாக இருக்கின்றன.

2018-இல் பனாமா வட்டாரத்தைச் சேர்ந்த இன்னும் மூன்று அனோல் இனங்களின் மரபணுத்தொகுதிகள் வெளிவந்தன. பச்சை அனோலோடு ஒப்பிட்டபோது, சில மரபணுக்கள் மற்றவற்றைவிட வேகமாக மாறியிருந்தது தெரிந்தது. எவை என்று ஊகிக்க முடிகிறதா? கால் வளர்ச்சியை நிர்வகிப்பவை. புலன்கள், நடத்தை, இனப்பெருக்கம் சார்ந்தவை. தொண்டை விசிறியோடும் முன்மூளையோடும் தொடர்புள்ள சில மரபணுக்களில் இயற்கைத் தேர்வின் தடயமும் தெரிந்தது. எந்த மாடியில் வாழ்வது, யாரோடு இணைவது என்ற இரண்டு கேள்விகளையும் சுற்றியே மாற்றங்கள் குவிந்திருக்கின்றன.

2022-இல் நம்முடைய பூந்தோட்ட விருந்தாளியான பழுப்பு அனோலின் முறை வந்தது. அதன் மரபணுத்தொகுதி மிகத் தெளிவாக, குரோமோசோம் வாரியாக வெளியிடப்பட்டது. அதில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி எக்ஸ் குரோமோசோம்.

அனோல்களிலும் மனிதர்களைப் போலவே ஆணுக்கு எக்ஸ்-ஒய், பெண்ணுக்கு எக்ஸ்-எக்ஸ். பச்சை அனோலின் எக்ஸ் மிகச் சின்னது. குட்டிக் குரோமோசோம்களில் ஒன்று. பழுப்பு அனோலிடம் அந்தக் குட்டியோடு வேறு சில குரோமோசோம்கள் வந்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கோச் கோச்சாக இணைத்து ரயில் நீளமாகிற மாதிரி எக்ஸ் பெரிதாகிவிட்டது. முன்பு பால் நிர்ணயத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஏராளமான மரபணுக்கள் இப்போது பால் குரோமோசோமில் பயணம் செய்கின்றன.

இது ஏன் முக்கியம்? ஒரே குரோமோசோமில் இருக்கும் மரபணுக்கள் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போகும் வாய்ப்பு அதிகம். அதோடு, குரோமோசோம் அமைப்பு வேறுபட்ட இரண்டு உயிர்கள் இணைந்தால், பிறக்கும் கலப்புக் குட்டி விந்தோ முட்டையோ உருவாக்கும்போது குரோமோசோம்கள் ஜோடி சேர்வதில் சிக்கல் வரலாம். வேலியில் இன்னொரு கம்பு.

கியூபாவில் வேலி, ஃபுளோரிடாவில் திறந்த வெளி

கியூபாவின் பழுப்பு அனோல்கள் எல்லாம் பெயரளவில் ஒரே இனம். மரபணுவைப் பார்த்தால் தெளிவாகப் பிரிந்த பல வம்சாவளிகள். தீவின் ஒரு பகுதியில் ஒன்று, இன்னொரு பகுதியில் வேறொன்று. இரண்டு இனமாகும் பாதையில் பாதி தூரம் போனவை என்று சொல்லலாம்.

இவை எல்லாம் ஒரே இடத்திலிருந்து ஃபுளோரிடாவுக்குப் போகவில்லை. கியூபாவின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து குறைந்தது எட்டு முறையாவது தனித்தனியாக வந்து இறங்கியிருக்கின்றன என்று 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. பொதுவாகப் புதிய இடத்தில் குடியேறும் விலங்குக் கூட்டத்துக்கு மரபணு வகைமை குறைவாகத்தான் இருக்கும். நாலைந்து பேர் வந்து தொடங்கிய குடும்பம்தானே? இங்கே தலைகீழ். கியூபாவில் ஒரே இடத்தில் இருப்பதைவிட ஃபுளோரிடாவில் வகைமை அதிகம். கியூபாவில் சந்திக்காத வம்சாவளிகள் ஃபுளோரிடாவில் பக்கத்து வீட்டுக்காரர்களாகிவிட்டன.

பக்கத்து வீடு என்றால் கல்யாணமும் நடக்கும். 2021-இல் வெளியான இன்னோர் ஆய்வில், அமெரிக்காவில் பார்த்த பழுப்பு அனோல் கூட்டங்கள் எல்லாமே கலப்புதான் என்று தெரியவந்தது. 15 ஆண்டு இடைவெளியில் மறுபடி மாதிரி எடுத்தும் அந்தக் கலப்பு அப்படியே நிலைத்திருந்தது.

அப்படியானால் கியூபாவில் ஏன் இப்படிக் கலக்கவில்லை? ஆய்வாளர்கள் மரபணுத்தொகுதி முழுக்கத் தேடினார்கள். பதிலின் ஒரு பகுதி எக்ஸ் குரோமோசோமில் கிடைத்தது. அங்கே ஓர் இடம் காலின் நீளத்தை வலுவாகப் பாதிக்கிறது. கியூபாவில் அந்த இடத்தில் இயற்கைத் தேர்வு பல இடங்களிலும் வேலை செய்கிறது. அந்தந்த ஊர் மரத்துக்கு ஏற்ற கால் நீளம் இருந்தால்தான் பிழைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தூரத்து வம்சாவளிகள் இரண்டு கலக்கும்போது ஒரு விசித்திரம் நடக்கிறது. அந்த எக்ஸ் மரபணு வகை, கலப்புக் குட்டியின் உடலில் முன்பு போலக் காலின் நீளத்தை மாற்றுவதில்லை. அதன் பலம் குறைந்துவிடுகிறது. ஏன்? ஒரு மரபணு தனியாக வேலை செய்வதில்லை. கூடவே பல மரபணுக்கள் ஒத்துழைக்க வேண்டும். வேறு வம்சாவளியின் மரபணுக்களுக்கு நடுவே வைத்தால் அது தன் வழக்கமான சகாக்கள் இல்லாமல் தடுமாறுகிறது. பயிற்சியாளரையும் அணியையும் மாற்றிவிட்டு, பழைய ஆட்டத்தையே ஆடச் சொல்வது போல.

பிறந்த குட்டி ஆரோக்கியமாகவே இருக்கும். ஓடும், சாப்பிடும். ஆனால் கால் நீளம் அந்த ஊருக்குச் சரிப்படாது. கியூபாவில் அந்தச் சின்னக் குறைக்கே விலை அதிகம். கலப்புக் குட்டிகள் பின்தங்கிப்போக, வம்சாவளிகள் தனித்தனியாகவே இருந்துவிடுகின்றன. ஃபுளோரிடாவிலோ அந்த மரபணு இடத்தில் இயற்கைத் தேர்வின் அழுத்தம் அரிதாகவே தெரிகிறது. கால் நீளம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் யாருக்கும் கவலை இல்லை. வேலியும் இல்லை.

இந்த ஆய்வில் நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான். இரண்டு கூட்டங்களைப் பிரித்து வைத்திருப்பது அவற்றின் மரபணு மட்டும் இல்லை, அவை வாழும் இடமும்தான். அதே மரபணுக்கள், வேறு ஊர், வேறு முடிவு. ஓர் உயிரை அதன் ஊரிலிருந்து எடுத்து இன்னோர் ஊரில் விடும்போது, அங்கே இருக்கும் மற்ற உயிர்களின் வாழ்க்கை மட்டும் மாறுவதில்லை. பல இலட்சம் ஆண்டுகளாகப் பிரிந்துகொண்டிருந்த ஒரு வம்சக் கதையும் திசை மாறுகிறது.

பிரிந்தவை மறுபடி சேருமா?

மயாமியில் சேர்ந்துகொண்டிருக்கின்றன. அமெரிக்கப் பச்சை அனோலின் முன்னோர்கள் மேற்குக் கியூபாவிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள். ரொம்பக் காலத்துக்கு முன்பு, மனித உதவி இல்லாமல். வந்தது வந்தபடி தனி இனமாகவே ஆகிவிட்டது. கியூபாவில் தங்கிவிட்ட சொந்தக்காரருக்குக் கியூபப் பச்சை அனோல் என்று பெயர். பிறகு மனிதர்கள் மூலமாக அந்தக் கியூபச் சொந்தமும் ஃபுளோரிடாவுக்கு வந்து சேர்ந்தது. 2019-இல் வெளியான ஆய்வு, தெற்கு மயாமியில் இந்த இரண்டும் கலந்து இனப்பெருக்கம் செய்வதை மரபணு மூலம் உறுதிசெய்தது.

கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது ரொம்பக் கடினம், இரண்டும் அவ்வளவு ஒத்திருக்கும். உள்ளூர்ப் பச்சை அனோல் இருக்கிறது என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும்போதே, அதன் மரபணுத்தொகுதி உள்ளுக்குள் மாறிக்கொண்டிருக்கலாம்.

மாறுவதற்கு எவ்வளவு நாள் ஆகும்?

பரிணாமம் என்றாலே இலட்சக்கணக்கான ஆண்டுகள் என்றுதான் நினைக்கிறோம். ஃபுளோரிடாவின் மொஸ்கிட்டோ லகூன் என்ற உப்பங்கழியில் குட்டிக் குட்டித் தீவுகள் உள்ளன. அங்கே பச்சை அனோல் மட்டும் இருந்த சில தீவுகளில் 1995-இல் ஆய்வாளர்கள் பழுப்பு அனோலைக் கொண்டுவந்து விட்டார்கள். பழுப்பு வந்ததும் பச்சை மரத்தில் மேலே ஏறிவிட்டது. 15 ஆண்டுகள், சுமார் 20 தலைமுறைகள் கழித்து அளந்து பார்த்தால், பச்சை அனோலின் விரலடிப் பட்டைகள் பெரிதாகியிருந்தன. முட்டைகளை எடுத்து ஆய்வுக்கூடத்தில் ஒரே சூழலில் வளர்த்தும் வேறுபாடு நீடித்தது. ஆக, அது ஏறி ஏறி வந்த பழக்கம் இல்லை, பரம்பரையாக வந்த மாற்றம். நீங்கள் தொடக்கப்பள்ளியில் சேர்ந்து பல்கலைக்கழகம் முடிப்பதற்குள் நடந்துவிடுகிற விஷயம்.

சிங்கப்பூருக்கு இந்தக் கதை புதிதில்லை. பூங்காக்களில் அடிக்கடி தென்படும் ஓணானும் 1980-களில் வடக்கிலிருந்து வந்து குடியேறியதுதான். அது பெருகப் பெருக, இங்கேயே பிறந்து வளர்ந்த பச்சைக் கொண்டைப் பல்லி திறந்த வெளிகளில் குறைந்து, காட்டுப் பகுதிகளுக்குள் ஒதுங்கிவிட்டது. வளர்ப்பு விலங்கைப் பூங்காவில் 'விடுதலை' செய்வது புண்ணியம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். வனவிலங்குச் சட்டப்படி அனுமதி இல்லாமல் விலங்குகளை வெளியில் விடுவது குற்றமும்கூட.

வேலி கல்லாகவே இருந்தால்?

இதுவரை பார்த்தது ஊர் ஊராகச் சுற்றும் பல்லி. இதற்கு நேர் எதிரான பல்லி ஒன்று மலேசியாவில் இருக்கிறது. அதன் முகவரி உங்களுக்கு நன்றாகத் தெரியும்: பத்துமலை.

தீபகற்ப மலேசியாவில் சுண்ணாம்புக்கல் குன்றுகள் சமவெளிக்கு நடுவே தனித்தனியாக எழுந்து நிற்கின்றன. பாறையில் வாழும் பல்லிக்கு ஒவ்வொரு குன்றும் ஒரு தீவு. சுற்றியுள்ள சமவெளிதான் கடல். அங்கே வாழும் வளைவிரல் பல்லிகள் இரவில் வெளியே வருபவை. அடுத்த குன்றுக்குப் போக வழி இல்லாததால் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்து, கொஞ்சம் கொஞ்சமாக வேறாகிவிடுகின்றன. இந்த ஒரு பேரினத்தில் மட்டும் இதுவரை 300-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பத்துமலையில் வாழும் வளைவிரல் பல்லிக்கு 2014-இல்தான் பெயர் கிடைத்தது. லீ கிரிஸ்மரும் மலேசிய ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதிய கட்டுரை, பத்துமலைக்கே உரிய ஒரே முதுகெலும்பு உயிரினம் என்று அதை அறிமுகப்படுத்தியது. பெருநகரத்தின் பக்கத்திலேயே இருப்பதால் அறிவியல் பெயரின் பின்பாதி 'மெட்ரோபோலிஸ்'. யோசித்துப் பாருங்க. தைப்பூசத்துக்கு இலட்சக்கணக்கானோர் 272 படி ஏறி இறங்குகிற இடம். உலகமே படம் எடுக்கிற இடம். அங்கே பெயரில்லாமல் ஒரு பல்லி 2014 வரை இருந்திருக்கிறது.

ஏன் அவ்வளவு தாமதம்? மறுபடியும் அதே காரணம்தான். பார்க்க மற்ற வளைவிரல் பல்லிகள் போலவே இருக்கும். செதில்களை எண்ணி, வரிகளை அளந்து, மரபணுவையும் ஒப்பிட்ட பிறகுதான் இது வேறு என்று சொல்ல முடிகிறது.

பெயர் வெறும் பெயர் இல்லை. ஒரு குன்றை உடைத்துச் சிமெண்ட் ஆக்கலாமா என்று முடிவெடுக்கும் மேசையில், பெயரில்லாத உயிருக்கு நாற்காலி கிடையாது. அதே 2014-இல் பேராக்கின் குவா கந்தான் குன்றிலிருந்தும் ஒரு வளைவிரல் பல்லிக்குப் பெயர் வைத்தார்கள். அந்தக் குன்றின் ஒரு பகுதி ஏற்கெனவே கல்லுடைப்புக்குப் போய்விட்டிருந்தது. பழுப்பு அனோலை ஒரு தீவில் அழித்தாலும் இன்னும் பத்து ஊரில் இருக்கும். குவா கந்தான் பல்லிக்கு இருப்பது அந்த ஒரு குன்று.